ஆவுடைத்தங்கம் இருபது கேட்ட நாள்

திருச்செந்தூரிலிருந்து விடிந்ததும் புறப்பட்டு, திருநெல்வேலிக்குப் போய் அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருகிற பாசஞ்சர் வண்டியின் மூன்றாவது பெட்டியில், குரும்பூர் ஆவுடைத்தங்கம் ஐந்து மாதமும் பதினொரு நாளும் குடியிருந்தாள் என்பதை அந்தத் தடத்தில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போது ஒருத்தரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள், அந்த வருசம் மழை நன்றாகப் பெய்தது என்று சொல்வதுபோல, வாழைக்கு நல்ல விலை போனது என்று சொல்வதுபோல, அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஆவுடைத்தங்கத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. திருநெல்வேலி கோர்ட்டில் நகல் பிரிவில் டைப்பிஸ்ட். புருசன் லிங்கத்துரை வாழையிலை வியாபாரி, ஒரே மகள் வடிவு எட்டாம் வகுப்பு. பத்தொன்பது வருசமாக அதே வண்டியில், அதே பெட்டியில், அதே ஜன்னலோரத்தில் போய்வந்தவள், கடைசி ஏழு வருசமாகப் போகும்போதெல்லாம் சீட்டு ஆடினாள். ஆட்டம் இருபத்தெட்டு. காயல்பட்டினத்தில் ஏறுகிற ராஹிலா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆறுமுகநேரியில் ஏறுகிற கோமு, ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள், நால்வரில் மூத்தவள். நாசரேத்தில் கடைசியாக ஏறுகிற பியூலா தையல் சொல்லிக்கொடுக்கிறவள். கோமுவும் ஆவுடைத்தங்கமும் ஒரு கட்சி, ராஹிலாவும் பியூலாவும் எதிர்க்கட்சி. கோமுவின் சூட்கேஸை நாலு பேர் முழங்காலிலும் கிடத்தி, அதன்மேல் ஒரு துண்டை விரித்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொன்னால் போதும். யார் அதிகப் புள்ளி கேட்கிறார்களோ அவர்கள் துருப்பு வைக்க வேண்டும். தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இறங்கிய சாதியில் கையில் சீட்டு இல்லாத ஒருத்தர் "துருப்பைக் காட்டுங்க" என்று கேட்கிறவரைக்கும் அது கவிழ்ந்தேதான் கிடக்கும்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே தாமிரபரணி கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்க, வண்டிக்குள் குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் இருக்கைக்குக் கீழே இன்னொரு சிற்றாறாகப் போய்க்கொண்டிருக்க, ஆவுடைத்தங்கத்துக்கு முதல் நாலு சீட்டிலேயே ஸ்பேடு ஜாக்கியும் ஒன்பதும் விழுந்தன. "இருபது" என்றாள். கோமு கண்ணை மூடிச் சிரித்தாள். ஸ்பேடு ஏழை எடுத்து ஜன்னலோரம் மரப்பலகையில் கவிழ்த்து வைத்தாள் ஆவுடைத்தங்கம். மூன்று சுற்று போனது. நாலாவது சுற்றுக்கு அவள் கிளாவர் பத்தை இறக்கினாள். அடுத்த முறை பியூலாவுடையது. நாசரேத்தில் ஏறியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மழையில் நனைந்த எரிச்சலாக இருக்கும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் தன் கையிலிருந்த ஐந்து சீட்டையும் பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

"யக்கா, ஒண்ணு கேக்கேன். கடேசிப் பக்கத்துல கீழ ஆ.த.ன்னு சின்னதாப் போட்டிருக்கு. அது நீங்கதான?"

கைப்பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்துச் சூட்கேஸின்மேல் வைத்தாள். நேற்று வந்த சம்மன். பம்பாயில் வேலைபார்க்கும் அவள் புருசன் தன்ராஜ், தன்னை விட்டுப் போய்விட்ட மனைவியிடமிருந்து விடுதலை வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். அவள் எங்கும் போகவில்லை. நாசரேத்தில் அவன் கட்டிய வீட்டிலேயே, அவன் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நாந்தான்" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"எப்ப டைப் அடிச்சது?"

"ஆடி மாசம்."

"ஆடியில இருந்து தெனமும் எம் பக்கத்துலதான் இருந்திய. எங்கிட்ட முறுக்கு வாங்கித் தின்னிய. 'ஒன் வீட்டுக்காரரு கிறிஸ்மஸ்க்கு வாராரா'ன்னு கேட்டிய. போன வாரம் கேட்டிய யக்கா."

"ஆபீஸ் காயிதம் பியூலா. அங்க பாக்கிறத வெளிய சொல்லக்கூடாதுன்னு..."

"நான் வெளியாளா?"

பாளையங்கோட்டையில் வண்டி நின்றபோது பியூலா எழுந்தாள். அவள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. உறையை எடுத்துக்கொண்டாள், குடையை மறந்தாள், ஐந்து சீட்டும் கையிலேயே இருந்ததைக் கவனிக்காமல் மழைக்குள் இறங்கிப் போனாள்.

திருநெல்வேலி வந்தது. கோமு இறங்கினாள், ராஹிலா இறங்கினாள். ஆவுடைத்தங்கம் வாசலில் வந்து கம்பியைப் பிடித்து வலது காலை நீட்டினாள், கால் இறங்கவில்லை. வலி இல்லை, தடுக்கவும் எதுவும் இல்லை. கால் படிக்கு மேலே நின்றது, அவ்வளவுதான். இடது காலை நீட்டினாள். அதுவும் நின்றது. பின்னால் நின்றவர்கள் முதுகில் இடித்தார்கள், கீழே நின்ற கோமு கையைப் பிடித்து இழுத்தாள், இரண்டு போர்ட்டர்கள் வந்து இடுப்பில் துண்டைக் கட்டி இழுத்தார்கள், துண்டு கிழிந்தது. மறுபக்கத்து வாசலில் பார்த்தார்கள். முதுகைக் காட்டி இறங்கச் சொன்னார்கள். கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் ஏறி முட்டியைத் தட்டிப் பார்த்து, காலில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு, தான் சுலபமாக இறங்கிப் போனார். வண்டி திரும்பப் புறப்படும் நேரமாகிவிட்டது. புறப்பட்டது. குரும்பூரில் லிங்கத்துரையை வரச்சொல்லி ஸ்டேஷன் மாஸ்டர் சேதி அனுப்பியிருந்தார்; அவர் ஈர வேட்டியோடு ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, எறங்கு."

"எறங்க முடியலிங்க."

"சரி," என்றார் லிங்கத்துரை, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்ட்டியா?"

அப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் பெட்டியைக் கழற்றி ஓரத்துத் தண்டவாளத்தில் தனியாக நிறுத்திப் பார்த்தார்கள். நின்ற பெட்டியிலிருந்தும் அவளால் இறங்க முடியவில்லை. உட்கார இடமில்லாமல் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாத்தியார்களும் கூச்சல் போட்டதால் மூன்றாம் நாள் பெட்டியை மறுபடி மாட்டிவிட்டார்கள். டி.டி.ஆர் வந்து அவளுடைய சீசன் டிக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "டிக்கெட்டுங்கிறது ஒரு எடத்துல எறங்குறதுக்கும்மா. எறங்காத ஆளுக்கு நான் எந்த ஊருக்குன்னு கிழிக்க?" என்று சொல்லி, அதன்பிறகு அவளைக் கடந்து போகும்போது மட்டும் தொப்பியைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். கோர்ட்டில் தலைமை எழுத்தர், வேலைக்கு வராதவள் என்று எழுதப் பேனாவைத் திறந்தவர், தினமும் திருநெல்வேலி வரை வந்துவிட்டு இறங்காமல் இருக்கிறவளை வராதவள் என்று எப்படி எழுதுவது என்று மூடிவிட்டு, ஒரு பழைய டைப்ரைட்டரைப் பியூனிடம் கொடுத்துவிட்டார். காலையில் ஒரு கட்டு ஏறும், மறுநாள் காலையில் அடித்த கட்டு இறங்கும். தண்டவாளத் தாளத்தோடு டைப் அடிக்கும் தாளமும் சேர்ந்து கேட்டால் மூன்றாவது பெட்டி என்று கண் தெரியாதவர்கள்கூட நிதானித்து ஏறினார்கள்.

குரும்பூரில் வண்டி நிற்கிற இரண்டு நிமிடம் அவளுக்குக் குடும்பம். லிங்கத்துரை தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாகக் கொடுப்பார், அழுக்குத் துணியை வாங்கிக்கொள்வார், கரண்ட் பில்லு வந்ததைச் சொல்வார், பசுமாடு சினை பிடித்ததைச் சொல்வார், சொல்லி முடிப்பதற்குள் ஊதிவிடுவான். வடிவு குரும்பூரில் ஏறி, நாசரேத் வருவதற்குள் தலையைப் பின்னிக்கொண்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போவாள். மற்றவர்களும் மெல்லப் பழகிக்கொண்டார்கள். வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துப் போனார்கள். ஸ்ரீவைகுண்டத்து மாமியார் ஆறுமுகநேரி மருமகளுக்கு அவியல் கொடுத்துவிட்டால் அது அவள் கை வழியாகத்தான் போனது. கல்யாணப் பத்திரிகைகளில் 'திருமதி ஆவுடைத்தங்கம், மூன்றாவது பெட்டி' என்று எழுதிக் கொடுத்தார்கள். தை பிறப்பதற்குள், அவள் ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொள்கிற பழக்கமும் வந்துவிட்டது.

அந்தக் கயிறுகளை அவள் ஒவ்வொரு நாளும் பல்லால் கடித்து அறுத்துப் போட்டாள். "எங்கால்ல விழாதீங்க" என்று ஒரு பெண்ணிடம் கத்தினாள், "அது தரையத் தொட்டு மூணு மாசம் ஆச்சு." யாருக்கும் தெரியாத கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது: குரும்பூருக்கும் நாசரேத்துக்கும் நடுவில் எத்தனை வாழைத் தோப்பு, எந்தத் தோப்பில் எந்த வாரம் குலை தள்ளியது, எந்தத் தந்திக் கம்பத்தில் எத்தனை மீன்கொத்தி. அவள் கை முழங்கை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே போனது, அதற்கு மேல் போகவில்லை. மழை பெய்தால் அந்த முழங்கை அளவு மட்டும் நனைந்தாள். தினமும் திருச்செந்தூர் வரைக்கும் போனாள், கடல் இரைவதைக் கேட்டாள், உப்புக் காற்று முகத்தில் பிசுபிசுத்தது, கடலைப் பார்க்கவில்லை. உள்ளங்கால் தோல் வெளுத்து ஊறிய அப்பளம்போல ஆகிவிட்டது. ஒருநாள் லிங்கத்துரையிடம், "தோட்டத்து மண்ணு ஒரு சட்டி கொண்டாங்க" என்றாள். கொண்டுவந்தார். அதற்குள் காலை வைத்தாள். பெட்டிக்குள் வந்ததும் மண்ணும் பெட்டியாகிவிட்டதுபோல அது வெறும் தூசியாகத்தான் பட்டது.

அவள் கவிழ்த்து வைத்த ஸ்பேடு ஏழும் அதே பலகையில் அதே இடத்தில் கிடந்தது. எடுக்க வரவில்லை. நகத்தால் நெம்பினாள், கோமு கத்தியால் நெம்பினாள், மரம் சிராய்ந்து வந்ததே தவிர சீட்டு அசையவில்லை.

"ஆட்டம் முடியல," என்றாள் கோமு ஒருநாள், எல்லாருக்கும் தெரிந்ததைக் கடைசியாகச் சொல்கிறவள்போல. "அதான் ஒன்ன விடமாட்டேங்குது."

புதுச் சீட்டுக்கட்டில் பியூலாவுக்குப் பதில் வேறொருத்தியை உட்கார வைத்து ஆடிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோமுவும் ராஹிலாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயில் ஆராதனை விட்டு வந்த நேரம் பார்த்து, நாசரேத்தில் பியூலாவின் வீட்டுக்குப் போனார்கள். அவள் இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். காப்பி கொடுத்தாள், முறுக்கு வைத்தாள், அவர்கள் சொன்னதையெல்லாம் தையல் மெஷினைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அஞ்சு சீட்டும் எங்கிட்டதான் இருக்கு," என்றாள். "கிழிச்சுப் போடல. பயப்படாதிய."

"ஒருநா வந்து ஆடிட்டுப் போயிரு பிள்ள," என்றாள் கோமு. "அவ பாவம்லா."

"மூணு மாசம் அவுக வாயத் தொறக்கல. எனக்கும் தொறக்க வரல யக்கா. வந்து உக்காந்தாலும் வராது. ஆட்டத்துக்குன்னு வந்து பொய்யா ஆடச் சொல்லுதியளா?"

கோமுவும் ராஹிலாவும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். திரும்பி வந்து அப்படியே சொன்னார்கள். ஆவுடைத்தங்கம் கேட்டுவிட்டு டைப்ரைட்டரில் ஒரு தாளை மாட்டினாள்.

தை மாதக் கடைசியில் அவளுடைய அப்பா செத்துப்போனார். செய்துங்கநல்லூருக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டின ஊர். அண்ணன் தம்பிகள் யோசித்துப் பார்த்து, காலை வண்டி வருகிற நேரத்துக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வந்து நின்றார்கள். ஊரே நின்றது. டிரைவருக்கு முந்தின ஸ்டேஷனிலேயே சொல்லியிருந்தார்கள்; அவர் வண்டியை ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, ஊதாமல், கேட்டைக் கடந்தார். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஆவுடைத்தங்கம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நாடிக்கட்டு கட்டியிருந்தது. நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனம். கோமு கையில் கொடுத்த வாய்க்கரிசியை முழங்கை வரை நீட்டி வீசினாள். பாதி காற்றில் போனது, பாதி ஜல்லியில் விழுந்தது, தம்பி ஒருத்தன் குனிந்து ஜல்லிக்குள்ளிருந்து ஏழெட்டு அரிசியைப் பொறுக்கிக்கொண்டு ஓடிப்போய் அப்பாவின் வாயில் போட்டான். அதைப் பார்த்தாள். அதற்குள் கேட் போய்விட்டது, பனைமரங்கள் வந்துவிட்டன. அன்றைக்குத்தான் அவள் இனி இறங்க மாட்டோம் என்று நம்பினாள். லிங்கத்துரையிடம், "வடிவு கல்யாணத்த ஸ்டேஷன் பக்கமா ஒரு மண்டபத்துல வைங்க" என்றாள். அவர் தூக்குச்சட்டியைக் கொடுக்காமலே நின்றுவிட்டார், வண்டி நகர்ந்துவிட்டது.

பங்குனி மாதம் ஒருநாள் ஏறிய கட்டில் தன்ராஜின் வழக்கு மறுபடி வந்தது. முதல் வாய்தாவுக்குப் பியூலா போய் நின்றிருக்கிறாள், அடுத்த தேதியை நோட்டீஸில் அனுப்புவோம் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து காத்திருக்கிறாள். தன்ராஜோ, தன் மனைவி இப்போது தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு மனுவைப் போட்டு, இல்லாத தெருவில் இல்லாத கதவு எண்ணைக் கொடுத்திருந்தான். நோட்டீஸ்கள் அங்கே போய், ஆளில்லை என்று திரும்பி வந்து, வரிசையாகக் குத்தப்பட்டுக் கிடந்தன. வருகிற தேதிக்கும் அவள் வரவில்லையென்றால் அவன் கேட்டபடியே தீர்ப்பாகிவிடும். இன்னும் பதினொரு நாள்.

அவள் தாளை மாட்டினாள், எடுத்தாள். அன்றைக்குத் திருச்செந்தூர் போய்த் திரும்பும் வரைக்கும் ஒரு வரியும் அடிக்கவில்லை. வெளியே சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும். அதோடு, தான் இறங்குவதற்காகத்தான் இப்போது வாயைத் திறக்கிறாள் என்று பியூலா நினைப்பாள். நினைக்கட்டும் என்று தோன்றியது. மறுநாள் காலையில் தேதி, நேரம், எந்த ஹால், தன்ராஜ் கொடுத்த பொய் விலாசம் எல்லாவற்றையும் தமிழில் டைப் அடித்து, கீழே சின்னதாக இல்லாமல் பெரிதாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ராஹிலாவிடம் கொடுத்தாள். ராஹிலா நாசரேத்தில் இறங்கிப் போய், அரை நாள் லீவு போட்டு, கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னா?"

"வாசிச்சாங்க அக்கா. மடிச்சு வச்சாங்க. மெஷின் மிதிக்க உக்காந்துட்டாங்க."

அடுத்த ஒன்பது நாளும் நாசரேத்தில் வண்டி நின்றபோது ஆவுடைத்தங்கம் பிளாட்பாரத்தைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாளும் அப்படித்தான் இருந்தாள். வண்டி ஊதியது, நகர்ந்தது. நகர்ந்த பிறகு வாசலில் யாரோ மூச்சிரைக்க ஏறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. பியூலா வெள்ளைச் சேலையில் வந்து, ஏழு வருசமாக உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். பைபிள் உறைக்குள்ளிருந்து ஐந்து சீட்டை எடுத்தாள்.

"ஏம் முறைதான?"

கோமு சூட்கேஸைக் கிடத்தித் துண்டை விரித்தாள். ஐந்து மாதமாகக் கைப்பையில் வைத்துச் சுமந்த சீட்டுகளை ராஹிலா எடுத்தாள். ஆவுடைத்தங்கம் கிளாவர் பத்தை மறுபடி இறக்கினாள். பெட்டி முழுக்க ஆட்கள் இருக்கைமேல் ஏறி நின்றார்கள்.

"எங்கிட்ட கிளாவர் இல்ல," என்றாள் பியூலா. "துருப்பைக் காட்டுங்க."

ஆவுடைத்தங்கம் பலகைமேல் விரலை வைத்தாள். சீட்டு சும்மா வந்தது. திருப்பினாள். ஸ்பேடு ஏழு. பியூலா அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஸ்பேடு எட்டால் வெட்டினாள். அதற்குப் பிறகு அவள் இரக்கமில்லாமல் ஆடினாள், ராஹிலாவும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆவுடைத்தங்கத்துக்குக் கை ஓடவில்லை, செய்துங்கநல்லூர் கேட் தாண்டும்போது ஆட்டம் முடிந்துவிட்டது. இருபது கேட்டவளுக்குக் கிடைத்தது பதினேழு.

"இதுக்காட்டி அஞ்சு மாசம்?" என்று கோமு தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே அழுதாள்.

திருநெல்வேலியில் முதலில் பியூலா இறங்கினாள். பின்னாலேயே ஆவுடைத்தங்கம் காலை நீட்டினாள், கால் படியைத் தொட்டது, அடுத்த கால் தரையைத் தொட்டது. செருப்பையும் மீறித் தரை சுட்டது. ஆடாத தரையில் அவள் உடம்பு மட்டும் ஆடியது, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல்களில் நெருக்கியடித்து நின்றவர்கள் கைதட்டவில்லை. அவரவர் சாவியையும் தூக்கையும் இனி யாரிடம் கொடுப்பது என்ற யோசனையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பியூலா பத்தடி போய்த் திரும்பினாள். "கோர்ட்டுக்கு வாரியளா?"

"வாரேன்."

"ஒண்ணும் பேசக்கூடாது."

ஆவுடைத்தங்கம் தலையாட்டினாள். ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலுமாக நடந்தார்கள். கோர்ட்டு வராந்தாவில் தலைமை எழுத்தர் அவளைக் கண்டு, "அடடே, எறங்கியாச்சா!" என்று சந்தோசமாக வந்தவர், பக்கத்தில் நிற்பது யார் என்று தெரிந்ததும் முகம் மாறி, "இந்தம்மாவுக்குத் தேதி யார் சொன்னது?" என்றார்.

"நாந்தான் சார்."

"எழுத்துல குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுக்கேன் சார்."

டவாலி பியூலாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். முதல் தடவையிலேயே அவள் உள்ளே போய்விட்டாள். ஆவுடைத்தங்கம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்நேரம் வண்டி திரும்பப் புறப்பட்டிருக்கும். குரும்பூரில் லிங்கத்துரை தூக்குச்சட்டியோடு நிற்பார், மூன்றாவது பெட்டி வந்து நிற்கும், ஜன்னல் காலியாக இருக்கும். பெட்டிக்குள் ஏறி ஒவ்வொரு இருக்கையாகத் தேடுவார். யாராவது சொல்வார்கள், சொல்வதற்குள் அவர் நெஞ்சு என்ன பாடுபடுமோ. எழுந்து போய்விடலாம். கால் இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறது, யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் போனது. வேப்பம்பூ வராந்தாவில் உதிர்ந்துகொண்டிருந்தது.

பியூலா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அவன் வரல. வக்கீல் மட்டுந்தான் வந்தான், என்னப் பாத்ததும் பேச்சே வரல அவனுக்கு. பொய் விலாசம் எதுக்குக் குடுத்தியன்னு ஜட்ஜ் கேட்டாரு. அடுத்த மாசம் ஒம்பதாந்தேதி போட்டிருக்கு. எனக்கும் ஒரு வக்கீல் வைக்கச் சொன்னாரு."

ஆவுடைத்தங்கம் தலையாட்டினாள்.

"இப்பப் பேசலாம்," என்றாள் பியூலா.

பேச எவ்வளவோ இருந்தது. ஐந்து மாதமாக அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் இருந்தன.

"குரும்பூருக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

பியூலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாசரேத் சுத்திப் போறது ஒண்ணு இருக்கு. இன்னும் ஏழு நிமிசம். ஓடுவியளா?"

ஆவுடைத்தங்கம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.